பழைய ஜெர்கின், பிளக்கும் ஜிப்: மாற்றலாமா, கூடாதா?

ஜனவரி 9, வாசகர் கேள்வி

குதிரைத்தோல் ஜாக்கெட் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. கழுத்து லேபிளில் ஏ-2 என்று போட்டிருக்கிறது, அமெரிக்க ராணுவ விமானிகள் போட்ட ஜாக்கெட் வகை. தோல் நன்றாக இருக்கிறது. ஜிப்தான் நெஞ்சுவரை ஏறிவிட்டுக் கீழிருந்து பிளந்துகொள்கிறது. புது ஜிப் போட்டால் மதிப்பே போய்விடும் என்கிறார்கள். போடாவிட்டால் வெறும் அலமாரிப் பொருள். இதையெல்லாம் அணியவே கூடாதா?

ஜனவரி 9, இரவு

மாற்றாதீர்கள். முதலில் ரன்னரைப் பாருங்கள்.

பல்லில் கோளாறு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெரும்பாலும் பல்லில் ஒன்றும் இருக்காது, தேய்ந்தது ரன்னராக இருக்கும். ஜிப்பைத் திறந்துவிட்டு ரன்னரைக் கண்ணுக்குப் பக்கத்தில் பக்கவாட்டாகப் பிடியுங்கள். மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு. பல் வரிசைகள் நுழைகிற பக்கம் இரண்டு வாய், சேர்ந்து வெளியேறுகிற பக்கம் ஒரே வாய். நாள்பட்ட உழைப்பில் அந்த ஒற்றை வாய்ப் பக்கம் அகன்றுபோகும். அகன்றுவிட்டால் பற்களை ஒன்றோடொன்று கவ்வவைக்கிற அழுத்தம் இருக்காது. ரன்னர் பாட்டுக்கு மேலே போகும், பின்னாலேயே ஜிப் வாயைப் பிளந்துகொண்டு வரும்.

மூக்குக் குறடால் அந்த ஒற்றை வாயின் இடது ஓரத்தை மெல்ல ஒரு அழுத்து. அதே அளவு வலது ஓரத்திலும். அழுத்தியது கண்ணுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான் வேண்டும். ஏற்றிப் பாருங்கள். போதவில்லையா, இன்னொரு அழுத்து. ஒரே மூச்சில் நசுக்கினால் ரன்னர் இறுகி நின்றுவிடும், அப்புறம் விரிப்பது பெரும்பாடு.

ஜனவரி 10

நேற்று அவசரத்தில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பழைய ரன்னர்கள் எல்லாம் பித்தளை இல்லை. துத்தநாகக் கலவையில் வார்த்தவையும் உண்டு. அது வளையாது, உடையும். மேல்பூச்சு பொரிந்து அடியில் மங்கின சாம்பல் நிறம் தெரிந்தால் குறட்டைக் கீழே வைத்துவிடுங்கள். அப்போது ரன்னரை மட்டும் மாற்றுவதுதான் வழி. நிறைய ரன்னர்களின் முதுகில் 5, 8, 10 என்று அளவு எண் இருக்கும். இல்லாவிட்டால் மூடின பல் வரிசையின் அகலத்தை அளந்துகொண்டு தேடுங்கள். ஒரே எண் என்பதற்காக ஒரு கம்பெனி ரன்னர் இன்னொரு கம்பெனிப் பல்லில் ஓடிவிடும் என்று நம்பவேண்டாம்.

அடிப்பக்கத்தையும் பாருங்கள். ஜிப்பின் ஒரு பக்க அடியில் இருக்கும் உலோக ஊசி மறுபக்கத்துப் பெட்டிக்குள் உட்காரும் இடத்தில்தான் பல் பதித்த துணி நாடா முதலில் நைந்துபோகும், தினமும் விரல் இழுக்கிற இடம் அது. பிசிறு தட்டியிருந்தால் மெல்லிய பருத்தி நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டி, தேன்மெழுகு தடவிவிடுங்கள். ஊசி ஆடாமல் நிற்கும்.

ஜனவரி 10, மாலை

"துணி துணிதான், சாமி சிலையா? புது ஜிப் போட்டு மாட்டிக்கொண்டு போகவேண்டியதுதானே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதில் அவர் கட்சிதான் நான். புது ஜிப் எப்படிப் போடப்படுகிறது என்பதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

எனக்குக் கிடைத்த முதல் தோல் ஜாக்கெட்டை இதே காரணத்துக்காக ஒரு கடையில் கொடுத்தேன். மூன்று நாளில் பளபளவென்று புது ஜிப்போடு வந்தது. வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பழைய தையல் ஓட்டைகளை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு மில்லிமீட்டர் தள்ளி மெஷினில் புதிதாக ஒரு வரிசை ஓட்டியிருக்கிறார்கள். துணியில் ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. ஊசி குத்தினது குத்தினதுதான். அடுத்தடுத்து இரண்டு வரிசை ஓட்டை என்றால் தபால்தலை ஓரம் மாதிரி, கிழிப்பதற்கென்றே வழி போட்டுக்கொடுத்த கதை. ஒரு வருஷம் தாங்கவில்லை. குனிந்து எழுந்தபோது நெஞ்சிலிருந்து இடுப்புவரை கோடு போட்டதுபோல் கிழிந்தது. கழற்றின பழைய ஜிப் எங்கே என்று கேட்கப் போனேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம்.

அன்றிலிருந்து எனக்கு மூன்று கட்டுப்பாடு. பழைய ஓட்டையிலேயே தைக்கவேண்டும். கையால் தைக்கவேண்டும். கழற்றினது எதுவானாலும் உறையில் போட்டு ஜாக்கெட்டோடேயே வைக்கவேண்டும்.

கைத்தையல் என்றால் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே ஓட்டையில் இரண்டு பக்கமிருந்தும் எதிரெதிராக விடுவது. ஊசி மழுங்கலாக இருக்கவேண்டும். தோலுக்கென்று விற்கிற முக்கோண முனை ஊசி புதுத்தோலைத் துளைப்பதற்கு. பழைய ஓட்டையில் விட்டால் ஓரத்தை அறுத்து ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். நூலுக்குப் பாலியஸ்டர் போடுங்கள், ஆயுசுக்கும் அறாது.

ஜனவரி 13

ஜிப்பைப் பற்றி இவ்வளவு ஏன் என்று கேட்பவர்களுக்கு. பழைய ஜாக்கெட்டில் வாய்திறந்து பேசுகிற பாகம் அதுதான். இன்று நாம் பார்க்கிற ஜிப்பின் அமைப்பை கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் 1913 வாக்கில் உருவாக்கினார், 1917-ல் காப்புரிமை கிடைத்தது. 1928-ல் ஷாட் கம்பெனி மோட்டார்சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக பெர்ஃபெக்டோ ஜாக்கெட்டை ஜிப்போடு கொண்டுவந்தது. பட்டன் இடுக்கில் புகுந்த காற்றை ஜிப் தடுத்தது. அமெரிக்க ராணுவ விமானப் படை 1931-ல் ஏ-2-வை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஏ-1 பட்டன் வைத்தது. 1943-ல் தோல் ஜாக்கெட் கொள்முதலை நிறுத்திவிட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறினார்கள். ஆக, அந்தக் காலத்து ஏ-2 என்றால் அந்தப் பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குள் ஆர்டர் ஆனது. ரன்னரில் டாலன், கிரவுன், கான்மார் என்று ஏதாவது பெயர் இருக்கிறதா பாருங்கள். மூன்றும் அந்தக் காலத்து அமெரிக்க ஜிப் கம்பெனிகள்.

லேபிளை மட்டும் நம்பாதீர்கள், அதே மாதிரியில் பிற்காலத்தில் செய்தவை ஏராளம். முதுகைத் திருப்பிப் பாருங்கள். ஏ-2-வின் முதுகு ஒரே தோல் துண்டு, நடுவில் தையல் வராது. அவ்வளவு பெரிய குறையில்லாத துண்டு வெட்டவேண்டுமென்றால் ஒரு முழுத்தோலின் நல்ல பாகமெல்லாம் அதற்கே போய்விடும். ஒட்டுப்போட்ட முதுகு என்றால் சந்தேகப்படுங்கள். கைவைக்கப் பக்கவாட்டுப் பாக்கெட்டும் இருக்காது.

ஜனவரி 13, இரவு

எழுதி முடித்த பிறகு ஒன்று உறைத்தது. போர் நடக்கும்போதே ராணுவப் பழுதுபார்க்கும் இடங்களில் ஏ-2-க்களுக்கு ஜிப் மாற்றியிருக்கிறார்கள், கஃப் (கை முனையில் வரும் கம்பளிப் பின்னல்) மாற்றியிருக்கிறார்கள். அப்படியென்றால் இன்று கைக்கு வருகிற ஜாக்கெட்டில் பிறவி ஜிப் இல்லையே என்று ஒதுக்குவது சரியா? அந்த இரண்டாவது ஜிப்பும் அதே விமானியின் நெஞ்சில் ஏறி இறங்கினதுதானே. "ஒரிஜினல்" என்ற சொல்லை நான் இதுவரை கொஞ்சம் அலட்சியமாகவே பயன்படுத்திவந்திருக்கிறேன்.

ஜனவரி 21

நூல் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. பாலியஸ்டர் அறாது என்றேன். சிக்கலே அதுதான்.

பழைய ஜாக்கெட்டை இழுத்தால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கவேண்டும். அந்தக் காலத்துப் பருத்தி நூல் என்றால் நூல் அறும், தோல் தப்பிக்கும், மறுபடி தைத்துவிடலாம். நூல் தோலைவிட வலுவாக இருந்தால் அது இழுபடும்போதெல்லாம் ஓட்டையின் ஓரத்தை ரம்பம் மாதிரி அறுக்கும். கடைசியில் நூல் முழுசாக இருக்கும், தோல் போயிருக்கும். என் ஜாக்கெட் ஒன்றின் அக்குளில் நான்கு வருஷத்துக்கு முன் நானே பாலியஸ்டரில் தைத்த இடத்தை நேற்று உருப்பெருக்கியில் பார்த்தேன். வட்டமாக இருந்த ஓட்டைகள் எல்லாம் நீண்டு கண்ணீர்த்துளி வடிவத்துக்கு வந்திருக்கின்றன. கூர் முனை எல்லாமே இழுபடுகிற திசையில். கிழிசலுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

எண்பது வயசுத் தோலுக்குப் பருத்தி நூல் அல்லது லினன் நூல், மெழுகு தடவி. புதுத்தோலுக்கு வேண்டுமானால் பாலியஸ்டர். முன்பு நான் சொன்னதைக் கேட்டு யாராவது தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள், மன்னியுங்கள்.

ஜனவரி 24

எண்ணெய். மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காய்ந்த தோலுக்கு எண்ணெய் விட்டால் உயிர் வரும் என்பது பாதிதான் சரி.

கையில் கிடைத்த காய்ந்த ஜாக்கெட் ஒன்றுக்கு ஒரு கோடை முழுக்க நீட்ஸ்ஃபுட் எண்ணெய் தடவினேன். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கிற எண்ணெய் அது. தோல் குடித்துக்கொண்டே இருந்தது, நானும் விட்டுக்கொண்டே இருந்தேன். நிறம் இரண்டு படி கறுத்தது. தொட்டால் ஈரத்துணி மாதிரித் துவண்டது. எண்ணெய் லைனிங்கில் இறங்கி, சட்டையில் இறங்கியது. தோளில் தொங்கவிட்ட எடையிலேயே கழுத்துத் தையல் வாய்விட்டது. நாரிழைகள் வழுக்கிப் பிடிப்பு விட்டுப்போனால் தோல் மென்மையாவதோடு நிற்காது, வலுவும் குறையும். உள்ளே போனதை வெளியே எடுக்கவும் முடியாது.

இப்போது செய்வது: ஈரம் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைப்பது, நிழலில் உலரவிடுவது, தோலுக்கான நல்ல கண்டிஷனரை விரல் நுனியில் எடுத்து மிக மெல்லியதாக ஒரு தடவை, ஒரு வாரம் பொறுத்திருப்பது. வெயிலும் ஹீட்டரும் கூடாது. தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் நனைந்திருக்கும்போது சூடுபட்டால் சுருங்கிக் கட்டை மாதிரி ஆகிவிடும். குரோமிய உப்பில் பதனிட்டது சூட்டைக் கூடுதலாகத் தாங்கும். ஆனால் பழைய தோலை வைத்துக்கொண்டு அந்தப் பரீட்சை எதற்கு.

ஜனவரி 24, கொஞ்ச நேரம் கழித்து

தோலில் வெள்ளையாகப் பூத்தால் உடனே பூஞ்சை என்று பதறாதீர்கள். உள்ளே இருக்கும் கொழுப்பே குளிரில் மேலே வந்து படிவதும் உண்டு. முடி உலர்த்தியைத் தூரத்தில் வைத்து லேசாகச் சூடு காட்டுங்கள். கொழுப்பென்றால் உருகி மறையும், பூஞ்சையென்றால் அப்படியே நிற்கும், பழவாடையும் அடிக்கும். பூஞ்சையானால் மற்ற உடைகளிலிருந்து பிரித்து, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், முகமூடி போட்டுக்கொண்டு துடைக்கவேண்டும்.

பிரஸ் பட்டனைச் சுற்றிப் பச்சையாக மெழுகு மாதிரித் திரண்டிருப்பது களிம்பு. பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பும் சேர்ந்து உண்டாவது. எண்ணெயை வாரி விட்டால் அதுவும் வாரித் திரளும். மரக்குச்சியின் முனையைச் சீவி, பட்டன் விளிம்பைச் சுற்றி மெல்லச் சுரண்டுங்கள், உருண்டு உருண்டு வரும். உலோகக் கத்தி வேண்டாம். பட்டனுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் தங்குவதைப் பஞ்சு சுற்றின பல்குச்சிதான் எட்டும். ஒரு பட்டனுக்குக் கால் மணி நேரம் ஆகிறது எனக்கு. பச்சை போய் அந்தப் பழைய மஞ்சள் தெரியும்போது மனசுக்கு அவ்வளவு நிறைவாக இருக்கும்.

பிப்ரவரி 2

தோலை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். எம்-65 என்ற அமெரிக்க ராணுவத் துணி ஜாக்கெட்டின் வயசு கண்டுபிடிக்க எளிய வழி, உள்ளே தைத்திருக்கும் லேபிள். டிஎஸ்ஏ (ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் துறையின் சுருக்கப் பெயர்) என்று தொடங்கும் ஒப்பந்த எண்ணில் நடுவே ஒரு ஜோடி இலக்கம் வரும், 69 என்றால் அது 1969 நிதியாண்டு ஒப்பந்தம். அந்தத் துறையின் பெயர் 1977-ல் மாறியது, பிறகு வந்தவற்றில் டிஎல்ஏ. லேபிளில் உள்ள இருப்பு எண்ணின் (பொருளுக்கு ராணுவம் கொடுக்கும் எண்) இலக்கங்களையும் எண்ணிப் பாருங்கள். 8415 என்று தொடங்குவதில் மொத்தம் 11 இலக்கம் என்றால் பழைய முறை, 13 இலக்கம் என்றால் 1974-க்குப் பிந்திய முறை. ராணுவத்துக்கென்று செய்யாமல் கடைக்கென்று செய்த அமெரிக்க உடைகளில் துவைக்கும் முறை தைத்திருந்தால் 1972-க்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளலாம், அந்த வருஷம்தான் அது கட்டாயமானது. லேபிள் இல்லை என்பதை மட்டும் வைத்துப் பழசு என்று சொல்லாதீர்கள். கழுத்தில் உறுத்துகிறதென்று வெட்டி எறிந்திருப்பார்கள்.

பிப்ரவரி 3

மெழுகுத் துணி ஜாக்கெட்டை வாஷிங் மெஷினில் போடலாமா என்ற கேள்விக்கு: கூடாது. சோப்பும் சுடுநீரும் மெழுகைக் கழற்றிவிடும், துணி மட்டும்தான் மிஞ்சும். குளிர்ந்த நீர், ஸ்பாஞ்ச், முடிந்தது. மெழுகு டப்பாவைச் சுடுநீரில் வைத்து இளக்கி, தையல் மேலும் முழங்கை மடிப்பிலும் கூடுதலாகத் தேய்த்து, சூடுகாட்டி இறக்குங்கள்.

பிப்ரவரி 11

பழைய முதுகுப் பையின் உட்பூச்சு பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது என்கிறீர்கள். அது பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலியை மெல்ல மெல்ல அறுத்துவிடும். துவைத்தாலும் பவுடர் போட்டாலும் திரும்பாது. பழைய மலையேற்றக் காலணிகளின் அடிப்பாகம் பெட்டிக்குள்ளேயே பொடிப்பொடியாக உதிர்வதற்கும் இதே காரணம்தான். அணியாமல் பத்திரப்படுத்தியும் தப்பாது. பூச்சை முழுவதும் உரித்துவிட்டுப் பையை மழையில்லாத நாளுக்கு வைத்துக்கொள்வதுதான் நான் செய்தது.

கம்பளி கஃபில் ஓட்டை விழுந்தால் அந்துப்பூச்சி. தின்பது பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக்கறையும் உள்ள இடத்தைத்தான் தேடிப்போகும், அதனால் உள்ளே வைக்குமுன் சுத்தம் செய்வது பாதி வேலை. அந்துருண்டை நாற்றம் தோலில் ஏறினால் வருஷக்கணக்கில் போகாது, எனக்கு வேண்டாம். பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டினபடியே இருக்கட்டும், அவசரப்பட்டால் ஈரம் துணிமேல் படியும்.

பிப்ரவரி 26

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அணியவே கூடாதா?

நான் அணிகிறேன். அணிந்தால்தான் எது தளர்கிறது என்று தெரிகிறது. அலமாரியில் எட்டு மாதம் தொங்கின ஜாக்கெட்டில் தோள் இரண்டும் ஹேங்கர் முனை பட்டுக் கூம்பியிருந்ததை எடுத்து மாட்டும்போதுதான் கண்டேன். கம்பி ஹேங்கர் அது. இப்போது தோள் அகலத்துக்கு மரத்தில் வைத்திருக்கிறேன். முழங்கை மடிப்பு என் கைக்கு ஏற்ப விழுந்திருக்கிறது, அதற்கு முன் யாருடைய கைக்கோ விழுந்திருந்த மடிப்பின் மேலேயே. இரண்டும் ஒரே இடத்தில் சேரவில்லை. அரை அங்குலம் தள்ளி இரண்டு கோடுகள். அவர் கை என்னைவிட நீளம்.

ஆனால் எல்லாவற்றையும் அணியலாம் என்று இனி பொத்தாம்பொதுவாகச் சொல்லமாட்டேன், முன்பு அப்படிச் சொன்னதுண்டு. என்னிடம் ஒரு தோல் பெல்ட்டும் உறையும் இருக்கின்றன. தொட்டால் விரலில் செங்கல்பொடி மாதிரி ஒட்டும். தாவரப் பட்டையில் பதனிட்ட தோல் அமிலமேறி மக்கும் நோய். எண்ணெய் விட்டால் கறுக்குமே தவிர ஆறாது. ஆல்கஹாலில் கரைத்த ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸ் தடவினால் பொடி உதிர்வது நிற்கும், போன வலு வராது. அது இரண்டும் பெட்டியில் படுத்த வாக்கில் இருக்கின்றன. அவற்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போக மனசு வராது.

உங்கள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மெல்ல இரண்டு கையையும் முன்னால் நீட்டுங்கள். முதுகுப் பக்கத் தோள் மூட்டில் நூல் "டிக்" என்று சொன்னால் நிறுத்துங்கள். தோலின் வளைவில் மெல்லிய வெடிப்புகள் திறக்காமல் இருந்தால் அணியலாம்.

மார்ச் 4

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். ரன்னர் பித்தளைதான், கிரவுன். இரண்டு அழுத்தில் ஜிப் கழுத்துவரை ஏறிவிட்டது, ஒரு வாரமாகப் பிளக்கவில்லை. முதுகு ஒரே துண்டு. ஜிப்பின் இடது நாடாவில் தையல் நூலின் நிறம் மட்டும் மற்ற இடத்திலிருந்து மாறியிருக்கிறதாம், ஓட்டைகள் பழையவைதானாம். யாரோ எப்போதோ ஒருமுறை பிரித்து, பழைய ஓட்டையிலேயே பொறுமையாகத் தைத்திருக்கிறார்கள்.

படம் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தையலும் ஒரே சாய்வில் விழுந்திருக்கிறது. இரண்டு ஊசிக் கைத்தையல்.

மார்ச் 4, இரவு

கஃபுக்கு மட்டும் கம்பளிப் பின்னல் மாற்றவேண்டும் என்கிறார். பழையதைக் கழற்றும்போது தூக்கிப்போடாதீர்கள், உட்பக்கம் மடிந்திருந்த இடத்தில் வெளிறாத நிறம் இருக்கும். புதுப் பின்னலின் நிறத்தை அதனோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.